இடுப்புப் பூட்டு

இடுப்பு என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் வேறு வரலாறு. அப்பா காலத்தில் ஊருக்குள் போனால் தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு இறங்கணும். அம்மாவின் இடுப்போ நடவு வயலில் குனிந்தபடியே பின்னால் நகர்ந்த இடுப்பு. கரையேறினால் தலையில் புல்லுக்கட்டு.

55 வயதில் அம்மாவுக்கு வலது பூட்டில் வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. வாத்து மாதிரி சாய்ந்து சாய்ந்து நடந்தாள். டாக்டர் தொட்டுப் பார்க்காமலே மாத்திரை எழுதினார். "காலுல பெலமே இல்லீங்கய்யா" என்றதற்கு, "உழைக்கிற சனம், உங்களுக்கென்ன, இரும்பு உடம்பு" என்றார். பாராட்டு மாதிரிதான் இருக்கிறது. நம் முதுகில் பாரம் ஏற்றியவர்கள் எல்லாரும் சொன்ன பொய் இது.

தசை வெறும் உழைப்பால் உரம் ஏறாது. உழைத்தபின் பருப்பும் முட்டையும் தூக்கமும் வேணும். ரேஷன் அரிசிக் கஞ்சியில் அது எங்கே?

நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் நாம் ஒற்றைக்காலில்தான் நிற்கிறோம். அப்போது இடுப்பெலும்பு மறுபக்கம் சரியாமல் இழுத்துப் பிடிப்பது புட்டத்தின் பக்கவாட்டுத் தசை. அதன் இழுப்பும் சேர்ந்து பூட்டில் இறங்கும் பாரம் உடல் எடையைப் போல 2 1/2, 3 மடங்கு. தலைச்சுமை தனி. தசை தளர்ந்தால் இடுப்பு சரியும். அதைச் சமாளிக்க உடம்பு வலிக்கிற பக்கம் சாயும். இந்த நடையின் காரணத்தை டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1895இலேயே எழுதிவிட்டார். வலிக்கிறதென்று காலை ஆட்டாமல் வைத்தால் தசை இன்னும் மெலியும், வலி இன்னும் கூடும்.

இதெல்லாம் பெரியாஸ்பத்திரி பிசியோதெரபி பெண் சொல்லித்தான் தெரியும். அம்மாவின் இடுப்பில் கைவைத்துப் பார்த்த முதல் ஆள் அவள். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கி இறக்கச் சொன்னாள். ஊன்றுகோலை வலிக்கிற பக்கத்திலிருந்து இடக்கைக்கு மாற்றினாள். "எதிர்க்கையில ஊனுனாதாம்மா பூட்டுக்குப் பாரம் குறையும்."

"கம்போட போனா மேஸ்திரி ஆள்கணக்குல சேக்க மாட்டானே, தாயி" என்றாள் அம்மா. அவளிடம் அதற்குப் பதில் இல்லை. காலைத் தூக்கி இறக்குவதை அம்மா தினமும் செய்கிறாள். கம்பை வாய்க்கால் கரைப் புதரில் சொருகிவிட்டுத்தான் வயலில் இறங்குகிறாள்.