பிறவாத உலகின் குடிகள்

ஒரு நூல் அச்சேறுவதற்கு முன்னரே அதற்கு மதிப்புரை எழுதுகிறவரை நாம் என்னவென்று சொல்வோம்? பித்தர் என்போம், அல்லது பதிப்பகத்தாரின் கையாள் என்போம். ஆனால் இன்னும் பிறவாத ஒரு பொருளைக் குறித்து உலகெங்கும் பல்லாயிரவர் இரவு பகலாக வாதிடுவதும், அதன் குணங்குறைகளை நிறுத்துப் பார்ப்பதும், அதன்பொருட்டு நண்பர்கள் முகம் முறித்துக்கொள்வதும் இன்று நாள்தோறும் நடைபெறும் காரியங்களாகிவிட்டன. இணையத்தின் வழியே பலர் கூடி வேடமேற்று விளையாடுகின்ற மாய உலக விளையாட்டே அப்பொருள். வாளும் மந்திரமும், அரக்கரும் குள்ளரும், பாழடைந்த கோட்டைகளும் நிறைந்த ஓர் உலகம் கணினிக்குள் அமைக்கப்படுகிறது. அங்கு குடியேறப் போகிறவர்கள் அது திறக்கப்படுமுன்பே வாசலில் நின்று நியாயம் பேசுகின்றனர்.

இதனைச் சிறுபிள்ளை வேளாண்மை என்று ஒதுக்கிவிடுவது எம்போன்ற ஆசிரியர்களுக்கு மிக எளிது. ஒதுக்கலாகாது என்பது என் எண்ணம்.

காங்கேசன்துறைக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையில் நான் சரித்திரம் கற்பிக்கிறேன். உயர்தர வகுப்பு மாணாக்கர் நால்வர் இடைவேளையில் வேப்பமரத்தடியில் கூடி, தேர்தற் காலத்து வாசிகசாலையைப் போன்ற ஆரவாரத்துடன் கதைத்துக்கொண்டிருப்பதைப் பலநாள் கண்டேன். ஒருநாள் அருகே சென்று விசாரித்தேன்.

"அது இன்னும் வெளிவரேல்லை, சேர். எங்களைப் போலக் கொஞ்சப் பேருக்கு முன்னமே விளையாடிப் பாக்கத் தந்திருக்கிறாங்கள்" என்றான் ஒருவன்.

"சும்மாவோ தந்தவை?"

"பிழையளைக் கண்டுபிடிச்சு எழுதோணும், சேர். எங்கட கருத்தையும் சொல்லோணும்."

"எழுதினால் என்ன தருவினம்?"

அவன் சிரித்தான். "ஒண்டுமில்லை. முதல் விளையாடினவங்கள் எண்ட பேர்தான்."

பிறகு அவர்கள் தங்கள் கருத்துகளைச் சொல்லத் தொடங்கினார்கள். வாளை வீசினால் அதில் கனம் தெரியவில்லை என்பது ஒருவனுடைய குறை. விளையாட்டை நடத்தும் கணினி சிங்கப்பூரில் இருப்பதால் தான் ஓங்கிய கை இறங்குமுன் எதிரி தன்னைக் கொன்றுவிடுகிறான் என்பது இன்னொருவனுடைய முறைப்பாடு. மூன்றாமவன் மிகுந்த கோபத்தில் இருந்தான். காசு கொடுத்தவனுக்கு வலிமையான ஆயுதம் கிடைக்கும்படி ஒரு கடையை விளையாட்டுக்குள் திறக்கப் போகிறார்களாம். "அப்ப நாங்கள் இரவிரவா முழிச்சிருந்து உழைக்கிறதுக்கு என்ன பெறுமதி, சேர்?" என்று அவன் கேட்டான். பொருளியற் பாடத்தில் உழைப்பின் மதிப்பைப் பற்றி நான்கு வரி எழுதத் தடுமாறுகிறவன் அவன்! கூட்டத்திலிருந்த ஒரே மாணவி, ஆண் வீரனுக்குக் கழுத்து முதல் கால் வரை இரும்புக் கவசம் கொடுத்துவிட்டுப் பெண் வீரனுக்கு வயிற்றை மூடாத கவசம் கொடுத்திருக்கிறார்களே, அம்பு என்ன ஆணைப் பார்த்துத்தான் பாயுமோ என்று எழுதியிருந்தாள். முதலில் பேசியவன் கடைசியாக ஒன்று சொன்னான். தன் பெயரைத் தமிழெழுத்தில் இட முயன்றபோது அவ்வுலகம் அதனை ஏற்க மறுத்துவிட்டதாம். ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்துத்தான் உள்ளே நுழைந்தானாம். அதையும் கருத்தாக எழுதி அனுப்பியிருக்கிறான், மறுமொழி வரவில்லை.

இவை அற்பக் கருத்துகளா? உழைப்பின் மதிப்பு, பெண்ணின் நிலை, தாய்மொழியின் இடம் என்ற மூன்றையும் ஆசிரியர் எவரும் தூண்டாமலே பதினேழு வயதுப் பிள்ளைகள் ஒரு விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்றுமுதல் நானும் இத்துறையின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

வெளிவருமுன் கருத்துக் கேட்பது நமக்குப் புதிதன்று. மட்டக்களப்புக் கூத்து மரபில் அரங்கேற்றத்துக்கு முன்னர் 'அடுக்குப் பார்த்தல்' என்றொரு நிகழ்ச்சி உண்டு. மாதக்கணக்கிற் பழகிய கூத்தை அண்ணாவியார் ஊரவர் முன்னிலையில் ஆடிக் காட்டச் செய்வார். தாளம் தவறியது, வரவுப் பாட்டு நீண்டது, அரசனுக்கு மிடுக்குப் போதாது என்று பெரியவர்கள் குறை சொல்வர். திருத்தம் நிகழ்ந்த பின்னரே ஒப்பனையும் அரங்கும். காங்கேசன்துறையும் நாடகத்துக்குப் பேர்போன ஊர்தான். நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) எங்கள் ஊர் மைந்தர். அவர் அரிச்சந்திரனாகத் தோன்றிய மயான காண்டத்தைப் பார்க்க என் தந்தையார் என்னைத் தோளிற் சுமந்து சென்றதுண்டு. தந்தையார் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நாடகத்துக்கு முதல்நாள் அத்தொழிலாளர் எங்கள் திண்ணையில் இருந்து செய்யும் விமர்சனத்தை நீங்கள் கேட்டிருக்கவேண்டும்! கதை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனாலும், நாளைக்குச் சுடலையிற் பாடும் பாட்டில் அவர் எந்த இடத்திற் குரலை உடைப்பார், சந்திரமதியாக வருகிறவர் ஈடுகொடுப்பாரா என்று நள்ளிரவுவரை வாதம் நடக்கும்.

இருந்தாலும் பழமையைப் பொன்னென்று புகழ எனக்கு மனமில்லை. 'ஊரின் கருத்து' என்றபோது அந்த ஊர் யார்? 1968ஆம் ஆண்டு, எங்களுக்கு மிக அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே செல்லும் உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கோயிலுக்குள் நிற்க முடியாதவனுடைய கருத்து கூத்தில் மட்டும் ஏறியிருக்குமா?

இந்த இடத்தில் கணினி உலகம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. வேடமேற்றும் விளையாட்டுகளுக்கெல்லாம் மூலமாகிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. அதில் விளையாடுகிறவன் முதலில் ஓர் இனத்தைத் தெரிந்தெடுக்கவேண்டும். பிறப்பால் அறிவாளி, பிறப்பால் முரடன், பிறப்பாலே தீயவன் என்று இனத்தோடு குணமும் சேர்ந்து வரும். நம்மூரில் எந்தக் கிழவரும் உடனே விளங்கிக்கொள்ளக்கூடிய ஏற்பாடு! பல ஆண்டுகளாக எழுந்த கண்டனத்தின் பின்னர், 2022 டிசம்பரில் 'இனம்' என்ற அச்சொல்லையே கைவிடப்போவதாக அதனை வெளியிடும் கம்பனி அறிவித்தது. வெளியீட்டுக்கு முன்னர் புதிய விதிகளைப் பொதுமக்களிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. சொல் மாறினால் உள்ளம் மாறிவிடுமா என்பது வேறு கேள்வி. மாறாது என்றே நினைக்கிறேன். ஆனால் சொல்லும் மாறாமற் கிடப்பதைவிட இது மேல்.

இணையத்துக்கு வருவோம். 1997இல் 'அல்டிமா ஒன்லைன்' என்ற விளையாட்டு வெளிவருமுன், அதனைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் 5 டொலர் செலுத்தவேண்டும் என்றது கம்பனி. குறை கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூலி கொடாமல், வேலை செய்கிறவனிடமே கூலி வாங்கிய விந்தை இது! ஏறத்தாழ 50,000 பேர் அதற்கும் முன்வந்தனர். அவ்வுலகத்துக்கு ஓர் அரசன் இருந்தான். விளையாட்டை ஆக்கிய ரிச்சர்ட் காரியட் என்பவரே அவ்வரசனாக வேடமேற்று உலாவி வந்தார். அவனை எவரும் கொல்ல இயலாதபடி விதி செய்யப்பட்டிருந்தது. 1997 ஓகஸ்டில் அரசன் தன் குடிகளைக் காண எழுந்தருளினான். கணினி ஒருமுறை நின்று மீண்டும் இயங்கியபின் சாகாவரத்தை மறுபடி இட்டுக்கொள்ள மறந்துவிட்டான். கூட்டத்தில் நின்ற ஒருவன் நெருப்பு மந்திரத்தை ஏவினான்; அரசன் மாண்டான். கொன்றவன் பின்னர் விலக்கப்பட்டான். அவன் முன்பும் விதிமீறியவன் என்று காரணம் சொல்லப்பட்டது. குடிகள் அதை நம்பவில்லை. அரசனைச் சாவிலிருந்து காப்பது தெய்வத்தன்மை அன்று, ஒருவர் இட்டுவைத்த விதியே என்பதை இதனிலும் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் என் சரித்திரப் புத்தகத்தில் இல்லை.

அந்த விளையாட்டிலேயே புதியவர்களுக்கு வழிகாட்டும் பணியைத் தொண்டர்கள் சிலர் செய்து வந்தார்கள். நேர அட்டவணை, மேற்பார்வை எல்லாம் உண்டு, சம்பளம் இல்லை. தாம் செய்தது தொண்டன்று, வேலையே என்று அவர்களிற் சிலர் 2000ஆம் ஆண்டிற் கம்பனிமீது வழக்குத் தொடர்ந்தனர். அவ்வழக்கு இறுதியில் இணக்கமாக முடிந்தது.

இன்னொன்று, அமேசான் கம்பனியின் 'நியூ வேர்ல்ட்'. புதிய உலகம்! பெயரைக் கேட்டாலே கொலம்பசின் கப்பல் கண்முன் வரும். காலம் 17ஆம் நூற்றாண்டு. கடலுக்கு அப்பாலிருந்து மார்புக்கவசத்துடன் கரையிறங்கும் ஐரோப்பியக் கோலம். மந்திர சக்தி நிறைந்த தீவு. வெட்டி எடுத்துக்கொள்ள மரமும் கனியமும். இது குடியேற்றவாதக் கனவல்லவா என்று சில விமர்சகர்கள் கேட்கத்தான் செய்தனர். ஆயினும் வெளியீட்டுக்கு முந்திய விவாதங்களிற் பெரும்பகுதி வேறு. வலியவர்கள் புதியவர்களைத் திரும்பத் திரும்பக் கொன்று சூறையாடுகிறார்கள் என்ற அனுபவம் சோதனையில் வெளிப்பட்டதால், விரும்பாதவனை எவனும் தாக்கமுடியாதபடி விதி மாற்றப்பட்டது. வெளியீடு பலமுறை பின்தள்ளப்பட்டு, 2021 யூலையில் மூடிய சோதனை நடந்தபோது விலையுயர்ந்த சில கணினி அட்டைகள் பழுதாகின. அதைப்பற்றி உலகமே பேசியது. 2021 செப்டெம்பர் 28இல் விளையாட்டு வெளிவந்தது. ஒரே வேளையில் 9 இலட்சத்துக்கு மேற்பட்டோர் உள்ளே திரண்டனர். 2025 ஒக்டோபரில் பெருந்தொகையான ஊழியரை நீக்கிய கையோடு, இனி அதற்குப் புதிய பகுதிகள் வரமாட்டா என்று கம்பனி அறிவித்துவிட்டது. குடிகளிடம் அப்போது கருத்துக் கேட்கவில்லை.

17ஆம் நூற்றாண்டு எங்களுக்கு மாய உலகமன்று. 1619இற் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தை விழுங்கினர். கீரிமலைக் கோயில் அவர்கள் காலத்தில் இடிந்தது. என் மாணாக்கர் அந்தக் கேணியிற் குளித்துவிட்டு வந்து, கரையிறங்கும் கவசக்காரனாக வேடம் பூணுகிறார்கள். பூணட்டும், அரக்கனாக ஆடியவன் அரக்கனாகிவிடுவதில்லை என்பதைக் கூத்து நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆனால் கரையில் முன்னரே நின்றவன் யார் என்று கேட்கவும் அவர்கள் அறிந்திருக்கவேண்டும். அதனை வகுப்பிற் சொன்னேன். வாளின் கனத்தைப் பற்றி எழுதியவன் அன்றிரவே அதையும் ஒரு கருத்தாக எழுதி அனுப்பியதாகச் சொன்னான்.

கருத்துச் சொல்வதால் பயன் உண்டா என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். தனித்தனியே சொன்னால் அருமையே. 2016இல் 'வேர்ல்ட் ஒவ் வார்கிராப்ட்' விளையாட்டின் பழைய வடிவத்தைத் தாமே பேணிவந்த ஒரு குழுவைக் கம்பனி மூடச் செய்தபோது, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூட்டு மனுவிற் கையெழுத்திட்டனர். பழைய வடிவத்தைக் கம்பனியே 2019இல் வெளியிட நேர்ந்தது. மைக்ரோசொப்ட்டுக்குச் சொந்தமான செனிமாக்ஸ் கம்பனியில், விளையாட்டுகளைச் சோதிப்பதையே தொழிலாகக்கொண்ட ஏறத்தாழ 300 பேர் 2023 சனவரியிற் சங்கம் அமைத்து ஏற்பும் பெற்றார்கள். மறுபுறம், 2017இல் 'ஆஷஸ் ஒவ் கிரியேசன்' என்ற விளையாட்டுக்கு 32 இலட்சம் டொலருக்கு மேல் முன்பணமாகத் திரண்டது. 2025 முடியும்வரையும் அதன் முழு வெளியீடு நடைபெறவில்லை. நம்பிக்கையையே விற்றுப் பிழைக்கலாம் என்பதைக் கம்பனிகள் நன்கு கற்றுக்கொண்டன.

இதையெல்லாம் படிக்கும்போது என் மனம் எங்கள் ஊரையே சுற்றியது. 1950இல் உற்பத்தி தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது. சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பெரும் பள்ளங்களையும் தந்தது. 1990இல் அது நின்றது. நாங்களும் வீடுகளை விட்டு ஓடினோம். பின்னர் எங்கள் காணிகள் உயர்பாதுகாப்பு வலயமாயின. 2015இல் புகையிரதம் மீண்டும் வந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்குக் கப்பல் விட்டார்கள். 2024இல் துறைமுகத்தைப் பெருப்பிக்க இந்தியா முழுச் செலவையும் ஏற்கும் என்றார்கள். இப்போது முதலீட்டு வலயம் என்கிறார்கள். இல்லாத ஒரு குதிரையின் வேகம் குறைவென்று எழுத என் மாணவனுக்கு ஒரு படிவம் கொடுக்கப்படுகிறது. அவனுடைய பாட்டனின் காணிக்கு அருகே என்ன எழப்போகிறது என்பதைப் பற்றி எழுத அவனுக்கு ஒரு படிவமும் வந்ததில்லை.

எனவே சென்ற தவணையில் ஒரு பயிற்சி கொடுத்தேன். 'வெளிவராத விளையாட்டுக்கு எழுதுவதுபோல், வெளிவராத காங்கேசன்துறைக்கு எழுதுக' என்றேன். முதலிற் சிரித்தார்கள், பிறகு எழுதினார்கள். பள்ளங்களை மறுபடி தோண்டினால் கிணற்று நீர் உப்பாகுமா? துறைமுக வேலைக்கு எங்களை எடுப்பார்களா, காவலுக்கு மட்டும் எடுப்பார்களா? மீன்பிடி வள்ளங்களுக்கு எந்தப் பக்கம் விடப்படும்? இன்னும் விடுவிக்கப்படாத காணிகள் வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கும்? கவசத்தைப் பற்றி எழுதிய மாணவி, மாலை ஆறு மணிக்குப் பிறகு புகையிரத நிலையத்திலிருந்து வீடுவரை வெளிச்சம் வேண்டும் என்று எழுதி, எத்தனை மின்கம்பங்கள் தேவை என்று எண்ணியும் காட்டியிருந்தாள். மொத்தம் இருபத்தேழு தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் தமிழெழுத்தில் இருந்தது. அவற்றை ஒன்றாகத் தைத்து, வரும் புதன்கிழமை பிரதேச சபைக்கு எடுத்துச் செல்வதென்று பிள்ளைகளே தீர்மானித்திருக்கிறார்கள். எழுதிக் கொடுப்பவர் யார், பேசுபவர் யார் என்பதில்தான் இன்னும் வாதம் முடியவில்லை.