புகை பாஸ், பிரேக் பெயில்!

நான் இம்முறை எழுத வந்திருப்பது வட்டிலாப்பம் பற்றியோ மருமகள் பற்றியோ அல்ல, பிரேக் பற்றி. "இதெல்லாம் ஆம்பிளைகள் பார்க்கிற வேலை" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். மோட்டார் சைக்கிளை ஓட்டுகிறவர் ஆணாக இருக்கலாம். பின்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் நாம்தானே.

எங்கள் ஊர் கிண்ணியா. திருகோணமலை பட்டினத்துக்குப் போவதென்றால் அந்தக் காலத்தில் 'பாதை'யில் ஏறித்தான் கடக்க வேண்டும். வெளியூர் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன், பாதை என்றால் ரோடு அல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும் வரைக்கும் எங்கள் வாப்பாவின் ஹோண்டா சி-90 அந்தப் பாதையில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கும் என்பதற்குக் கணக்கே இல்லை. ஏறும்போதும் சில்லு உப்புத் தண்ணீரில் நனையும், இறங்கும்போதும் நனையும். வீட்டுக்கு வந்ததும் வாப்பா சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் முதலில் கிணற்றில் இரண்டு வாளி அள்ளி வண்டிக்கு ஊற்றுவார். "எனக்கு ஒரு நாளாவது இப்படித் தண்ணி அள்ளித் தந்திருக்கிறாரா?" என்று உம்மா முணுமுணுப்பது எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

அந்த வண்டியின் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்தக் குடும்பத்து மோட்டார் சைக்கிளை ஜப்பானில் 1958ஆம் ஆண்டு முதன்முதலாகச் செய்திருக்கிறார்கள். கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. காலைத் தூக்கிப் போட்டு ஏறத் தேவையில்லை, புடவையோடும் ஏறலாம். ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்றே அதை அமைத்தார்களாம். 2017ஆம் ஆண்டுக்குள் அந்த வரிசையில் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. எங்கள் கடற்கரை ஊருக்கு அது ஒத்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாப்பாவின் வண்டியில் செயினை முழுவதுமாகத் தகரப் பெட்டிக்குள் மூடியிருந்தது. மணலும் உப்பும் உள்ளே புகுவது குறைவு. நம் உடுப்பும் புகாது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த வண்டியும் நீருக்குள் கிடந்தது. கடல் தண்ணீரில் மூழ்கிய வண்டியை உடனே நல்ல தண்ணீரால் கழுவி, ஒயிலை வடித்து, பிரேக்கைத் திறந்து துடைக்க வேண்டும் என்பது வாப்பாவுக்குத் தெரியும். ஆனால் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கிணறும் உப்பாகிவிட்டதே. குடிக்கவே தண்ணீருக்குப் போத்தலோடு வரிசையில் நின்ற நாட்களில் வண்டியைக் கழுவுவது பற்றி யார் வாய் திறப்பது? மூன்று வாரம் கழித்து எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வாப்பா மட்டும் சந்தோஷப்படவில்லை. "எஞ்சினுக்குள்ள ஒயில் இருக்கு, அது தப்பிக்கும். துரு பிடிக்கிறது மற்ற இடத்துல" என்றார். அப்படியே நடந்தது. ஸ்போக் கம்பி, பெயாரிங், பிரேக் என்று இரண்டு வருஷத்துக்குள் ஒவ்வொன்றாகப் போனது. எஞ்சின் கடைசி வரை நன்றாகவே ஓடியது.

இனி என் மகனின் வண்டிக்கு வருகிறேன். 2019இல் பழையதாக வாங்கிய இந்திய வண்டி, 100 சிசி. வாங்கிய மறு வருஷம், 2020 மார்ச்சில், வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. பிறகு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருஷமும் கையில் இருந்த வண்டியை வைத்தே எல்லோரும் ஒப்பேற்றினோம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது உதிரிப்பாகங்களும் அதோடு ஏறின. அந்த வருஷம் ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். அந்த நாட்களில் வீட்டில் வண்டியைப் பற்றிப் பேச்செல்லாம், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்பதுதான். எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2023இல் வரிப்பத்திரம் புதுப்பிக்கும் நாள் வந்தது. அதற்குக் காப்புறுதியும் வேண்டும், புகைச் சான்றிதழும் வேண்டும். புகைச் சோதனை என்பது சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகி, எஞ்சின் சும்மா ஓடும்போது வெளிவரும் காற்றில் காபன் மொனொக்சைட்டும் எரியாத பெற்றோல் ஆவியும் எவ்வளவு என்று கருவியில் பார்ப்பது. முதல் தடவை மகனின் வண்டி பெயில். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். கராஜில் பாஸ் திறந்து பார்த்தால், காற்றை வடிகட்டும் பில்டர் தேங்காய்த் தும்பு மாதிரி அடைத்துப்போய்க் கிடக்கிறது. மூக்கை அடைத்துக்கொண்டு ஓடச் சொன்னால் யாரால் ஓட முடியும்? பில்டரை மாற்றி, கார்பரேட்டரின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பிவிட்டார். இரண்டாம் முறை பாஸ். வரிப்பத்திரம் வந்தது. மகன் பரீட்சையில் பாஸானதுபோல வீட்டில் அன்று பாற்சோறு.

அடுத்த கிழமை எனக்கு திருகோணமலையில் கிளினிக். மகனின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போனேன். பாலம் தாண்டி, வெள்ளைமணல் தாண்டி, சீனன்குடாப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம். துறைமுகப் பக்கத்து ரோடு அல்லவா, மா லொறியும் சீமெந்து லொறியுமாக இருக்கும். முன்னால் போன ஒரு லொறி சட்டென்று நின்றது. மகன் கால் பிரேக்கை மிதித்தான். மிதி அடிமட்டம் வரை போனது, வண்டி போய்க்கொண்டே இருந்தது. பதறிப்போய் முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தான். ரோட்டோர மணலில் முன் சில்லு சறுக்கியது. நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறியவில்லை. முழங்கையிலும் முழங்காலிலும் தோல் போனது. எழும்பப் பார்க்கிறேன், முடியவில்லை. அபாயாவின் ஓரம் பின் சில்லின் ஸ்போக் கம்பிகளுக்குள் சுற்றிக்கொண்டு இருக்கிறது. யாரோ ஒரு தம்பி ஓடிவந்து கத்தியால் வெட்டிவிட்டார். வண்டி அப்போது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் துணி சுற்றியிருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை குளிர்கிறது.

மகன் அழுகிற குரலில் சொன்ன முதல் வார்த்தை, "உம்மா, போன கிழமைதானே பாஸாகிச்சு!"

மாலையில் கராஜில் பின் சில்லைக் கழற்றும்போது நானும் போய் நின்றேன். பாஸுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ஆனாலும் காட்டினார். சில்லின் நடுவே ஒரு சட்டிபோல இருக்கிறது. அதை டிரம் என்கிறார்கள். உள்ளே பிறை வடிவில் இரண்டு பிரேக் சூ. நாம் மிதிக்கும்போது ஒரு சிறு அச்சுத் திரும்பி அந்த இரண்டையும் விரித்து டிரம்மோடு உரசவிடுகிறது, சில்லு நிற்கிறது. எங்கள் வண்டியில் அச்சு உப்புத் துருவில் இறுகிப்போயிருந்தது. சூ தேய்ந்து உள்ளே இருக்கும் உலோகம் தெரிந்தது. மிதி ஆழமாகப் போகும்போதெல்லாம் மகன் வெளியில் உள்ள நட்டை ஒரு சுற்று இறுக்கிவிடுவானாம். இறுக்கி இறுக்கி மரை முடிந்தேவிட்டது.

எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றைப் பார்த்தபோதுதான். பிரேக்கின் கைக்குப் பக்கத்தில், வெளியிலேயே, ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது. எதிரே ஒரு கோடு. பிரேக்கை மிதிக்கும்போது அம்பு கோட்டைத் தொட்டால் சூ தேய்ந்துவிட்டது என்று பொருள். எங்கள் அம்பு கோட்டையும் தாண்டி நின்றது. எத்தனை மாதமாக அப்படி நின்றதோ! தினமும் அந்த முற்றத்தைக் கூட்டுகிறவள் நான்.

பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. நம் சொந்த மோட்டார் சைக்கிளுக்குக் கேட்பது புகை மட்டும். புகைச் சோதனையைக் குறை சொல்லவில்லை, பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று அது. ஆனால் அந்தத் தாளில் பிரேக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. பிரிட்டனில் 1960இலிருந்தே வாகனச் சோதனை இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு மூன்று வயதானால் வருஷா வருஷம் காட்ட வேண்டும். அங்கே அதிகமாகப் பெயிலாவது எதில் என்று தேடிப் பார்த்தேன். எஞ்சினில் அல்ல. முதலிடம் லைட்டுக்கும் சிக்னலுக்கும். பிறகு பிரேக், டயர், ஹேண்டில், முன்பின் ஸ்பிரிங். எல்லாம் முற்றத்தில் நின்று கண்ணால் பார்க்கக்கூடியவை. இங்கேயும் அப்படி ஒரு சோதனை வந்தால் இன்னொரு வரிசையா என்று அலுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் வரட்டும் என்பேன்.

அதுவரை எங்கள் வீட்டில் சோதனை அதிகாரி நான்தான். வெள்ளிக்கிழமை காலையில் மகனை வண்டியில் உட்காரச் சொல்லி, பின்னால் நின்று பார்ப்பேன். மிதித்தால் சிவப்பு லைட் எரிகிறதா? சிக்னல் மினுங்குகிறதா? பிறகு அம்புக்குறி. டயரின் காடி நடுவில் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். பிரிட்டனில் 1 மில்லிமீற்றர் ஆழமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். நடுவில் வழவழவென்று ஆன டயரை மழைக் காலத்துக்கு விட்டுவைக்காதீர்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஹேண்டிலின் கழுத்தில் 'டக்' என்று சத்தம் கேட்டால் அங்கே ஆட்டம் இருக்கிறது. ஸ்போக் கம்பிகளைத் தேக்கரண்டியால் தட்டிக்கொண்டு வருவேன். இறுக்கமான கம்பி 'டிங்' என்னும், தளர்ந்தது மொத்தையாக ஒலிக்கும். இந்த வேலைக்கு நம்மைப்போலச் சட்டி தட்டி வாங்கிப் பழகியவர்கள்தான் லாயக்கு! சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது, கறுப்பென்றால் பெற்றோல் அதிகமாகப் போகிறது. கடலோரம் போய் வந்த நாளில் நல்ல தண்ணீர் ஊற்றி, காய்ந்தபின் செயினுக்கு மட்டும் ஒயில். பிரேக் பக்கம் ஒரு சொட்டும் தெறிக்கக்கூடாது.

இன்னும் ஒன்று. பின் சில்லின் பக்கத்தில் கம்பிக் கூடு ஒன்று வருமே, 'சாரி கார்ட்' என்பார்கள். இந்தியாவில் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் இருப்பவரின் உடுப்பு சிக்காதபடி பின் சில்லில் பாதியையாவது மறைக்க வேண்டும் என்கிறது. அங்கிருந்து வந்த எங்கள் வண்டியிலும் அது இருந்தது. வாங்கிய மாதமே, "பார்க்கக் கிழட்டு வண்டி மாதிரி இருக்கும்மா" என்று மகன் கழற்றிவிட்டான். அழகு பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றவள் நான்.

விழுந்த மறுநாள் அவனாகவே அதைத் தேடத் தொடங்கினான். கொல்லை முழுக்கத் தேடிவிட்டு, "உம்மா, அதை எங்க வச்சீங்க?" என்று வந்து நின்றான். கோழிக்கூட்டுக்குக் கதவாகக் கட்டியிருந்தேன். அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, அன்று இரவு கோழிகளுக்குப் பழைய பலகை ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்தேன்.