இல்லத்து நூல்கள்

1521-இல் பம்பலோனாப் போரில் கால் முறிந்து படுத்திருந்த புனித இஞ்ஞாசியார் வாசிப்பதற்கு வீரக் கதைகளைக் கேட்டார். லொயோலா இல்லத்தில் இருந்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளுமே. அவையே அவரை இறைவன்பால் திருப்பின. இல்லத்து நூல்களுக்கு அத்துணை ஆற்றல் உண்டு.

நோயுற்ற மகளுக்கு வீட்டிலேயே பாடம் புகட்டும் தாய் ஒருவர், "சாமி, எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்று வினவினார். செபித்தால் நோய் தீர்ந்தே தீரும் என உறுதிகூறும் நூல்களைத் தவிர்க்கச் சொன்னேன். நலம் கிட்டாதபோது அக்குழந்தை தன் விசுவாசத்தையே பழித்துக்கொள்ளும் அன்றோ! கெத்சமனியில் இயேசுவும் கலங்கி மன்றாடியதைக் கூறும் மாற்கு நற்செய்தியையும், 24 வயதில் காசநோயால் இறந்த புனித குழந்தை தெரேசாவின் தன்வரலாற்றையும் பரிந்துரைத்தேன். துன்பத்தை மறைக்காத நூலே துன்புறுவோர்க்குத் துணை.

பெற்றோரே, முதலில் நீங்கள் வாசியுங்கள். பின்னர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள்.