மில் நிலத்தில் முளைத்த மாடிகள்

மும்பையின் கிரண்காவில் எத்தனை மாடி கட்டலாம் என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. நிலம் யாருக்கு என்பதோ 2001-லேயே முடிவாகிவிட்டது.

மும்பையின் நடுவே, பைகுல்லாவுக்கும் தாதருக்கும் இடையே கிடக்கிறது கிரண்காவ். மராத்தியில் 'மில் கிராமம்' என்று பொருள். லால்பாக், பரேல், வொர்லி என்று பரந்த இந்தப் பகுதி ஒரு காலத்தில் மில் சங்கு ஊதினால் எழுந்தது. சங்கு ஊதினால் வீடு திரும்பியது. இன்று சங்கும் இல்லை, நூலும் இல்லை. ஃபீனிக்ஸ் மில்லின் புகைபோக்கி, ஆடம்பரக் கடைகளின் நடுவே அலங்காரப் பொருளாக நிற்கிறது. ஸ்ரீனிவாஸ் மில் இருந்த இடத்தில் 280 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது 'வேர்ல்டு ஒன்' குடியிருப்பு.

இந்தக் கதை 1854-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு காவஸ்ஜி நானாபாய் தாவர் தார்தேவில் நகரின் முதல் பஞ்சாலைக் கம்பெனியை நிறுவினார். 1980-களின் தொடக்கத்தில் சுமார் 60 மில்கள், 600 ஏக்கர் நிலம், இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். கொங்கணத்திலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலையோரக் கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள் 'சால்' எனப்படும் ஒற்றை அறைக் குடியிருப்புகளில் அடைந்து கிடந்தார்கள். ஒரு ஷிப்ட் வேலைக்குப் போகும்போது இன்னொரு ஷிப்ட் அதே இடத்தில் பாயை விரித்தது. நெருக்கடி இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

1982 ஜனவரி 18-ல் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அது முறைப்படி முடிவுக்கு வரவே இல்லை. பல மில்கள் மீண்டும் திறக்கவில்லை. துணியைவிட நிலத்துக்கு விலை அதிகம் என்பது முதலாளிகளுக்கு விரைவிலேயே புரிந்துபோயிற்று.

1991-ல் வந்த நகர வளர்ச்சி விதிகளில் 58-வது விதி மில் நிலத்துக்கென்றே எழுதப்பட்டது. மில்லை இடித்துப் புதிதாகக் கட்டினால் நிலத்தை ஏறக்குறைய மூன்று பங்காக்க வேண்டும். ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்காவும் மைதானமும் அமைக்க. ஒரு பங்கு மாநில வீட்டு வசதி வாரியமான ம்ஹாடாவுக்கு. மீதிதான் முதலாளிக்கு. விளைவு? பெரும்பாலான முதலாளிகள் இடிக்காமல் காத்திருந்தார்கள்.

காத்திருப்பு வீண் போகவில்லை. 2001-ல் மாநில அரசு விதியைத் திருத்தியது. பங்கிட வேண்டியது மொத்த நிலத்தை அல்ல, காலியாகக் கிடக்கும் நிலத்தை மட்டுமே என்றாயிற்று. 12 ஏக்கர் மில் ஒன்றில் 10 ஏக்கரில் கட்டடங்கள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. பழைய விதிப்படி பூங்காவுக்கு நான்கு ஏக்கர். புதிய விதிப்படி முக்கால் ஏக்கர்கூடத் தேறாது. வாரியத்தின் பங்கில் மில் தொழிலாளர்களுக்கு வீடு என்ற ஷரத்தையும் இதே திருத்தம்தான் சேர்த்தது, அந்தப் பங்கைச் சுருக்கிவிட்டு. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 2005-ல் மும்பை உயர் நீதிமன்றம் மொத்த நிலத்தையும் பங்கிட வேண்டும் என்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து அரசின் திருத்தத்தை ஏற்றது. மில்களின் இடத்தில் கோபுரங்கள் முளைத்தன.

நகரம் முழுவதற்குமான அடுத்த விவாதம் 2015-ல் வெடித்தது. 2034 வரைக்கான வரைவுத் திட்டம், எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப் பரப்புக் குறியீட்டை ரயில் நிலையங்களுக்கு அருகே எட்டு வரை உயர்த்தலாம் என்றது. அதாவது நிலத்தின் பரப்பைப்போல எட்டு மடங்கு தளம். இடம் இல்லாத நகரத்தில் மேலே போகாமல் வேறு வழியேது, தளம் பெருகினால்தான் விலை குறையும் என்றது ஒரு தரப்பு. தண்ணீரும் சாக்கடையும் தெருவும் எட்டு மடங்கு ஆகுமா என்று கேட்டது மறு தரப்பு. ஆட்சேபங்கள் பல்லாயிரக்கணக்கில் குவிந்தன. ஏப்ரலில் அரசு வரைவையே தூக்கிப்போட்டது. திருத்திய திட்டம் 2017 ஜூலை இறுதியில், 1893-ல் கட்டிய மாநகராட்சிக் கட்டடத்தில் கூடும் 227 கவுன்சிலர்கள் முன் நிறைவேறியது. ஆனால் கடைசிக் கையெழுத்து மாநில அரசுடையது. அது 2018-ல் கிடைத்தது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மறு தரப்பின் கேள்விக்குக் கொடூரமான பதில் வந்தது. 2017 செப்டம்பர் 29 காலை மழை கொட்டியபோது, பரேலையும் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தையும் இணைத்த குறுகலான நடைபாலத்தில் நெரிசல். 23 பேர் மாண்டார்கள். மில் நிலங்களில் அலுவலகங்கள் பெருகி, இங்கே வந்து இறங்கும் கூட்டமும் பெருகியிருந்தது. பாலம் மட்டும் அப்படியே இருந்தது. பிறகு ராணுவம் வந்து சில மாதங்களில் புதுப் பாலம் கட்டிக் கொடுத்தது.

உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 1982 ஜனவரி முதல் தேதியன்று வேலையில் இருந்தவர்களும் அவர்களது வாரிசுகளுமாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு கேட்டு விண்ணப்பித்தார்கள். ம்ஹாடா குலுக்கல் நடத்துகிறது. 2020 மார்ச்சில் நடந்த குலுக்கலில் மூன்று மில் நிலங்களில் கட்டிய 3,894 வீடுகள்; ஒவ்வொன்றும் 225 சதுர அடி. அவற்றில் 544 வீடுகள் ஸ்ரீனிவாஸ் மில் நிலத்தைச் சேர்ந்தவை. ஒரே மில்லின் நிலத்தில் 280 மீட்டர் கோபுரம் ஒரு பக்கம், 225 சதுர அடி வீடுகள் இன்னொரு பக்கம்.

வேறு வழியும் உண்டு என்பதற்கு வொர்லியிலேயே சாட்சி இருக்கிறது. 1920-களில் பிரிட்டிஷ் அரசு கட்டிய பி.டி.டி. சால்களில் ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி. அரசுக்குச் சொந்தமான இந்த நிலத்தில் ம்ஹாடாவே கோபுரங்கள் கட்டி, பழைய குடித்தனக்காரர்களுக்கு அதே இடத்தில் 500 சதுர அடி வீடுகளை இலவசமாகத் தருகிறது. 2025 ஆகஸ்டில் முதல் 556 குடும்பங்களுக்குச் சாவி கிடைத்தது. இங்கும் கட்டடங்கள் உயரமானவைதான், நெருக்கமும் கூடத்தான் செய்யும். ஆனால் சாவி வாங்கியவர்கள் அதே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள்.

மில் தொழிலாளர்களுக்கோ குலுக்கல் சீட்டுதான். 1982-ல் இருபது வயதில் தறியில் நின்றவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். மில் நிலத்தில் இனிப் பங்கிட மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.