ஐந்து வினாடி ஊசி

சென்ற மாசி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை. தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த என் அப்புச்சி, திண்ணையில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "வாயுவா இருக்கும்" என்று அமுச்சி பெருங்காயத் தண்ணீர் கொடுத்தார். சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று சொன்னதும், ஓடிப்போய் வாங்கி வந்ததும் நான்தான். இப்படியே ஒன்றரை மணி நேரம் போயிற்று. வேர்வையில் சட்டை நனைந்த பின்புதான் மாமா காரை எடுத்தார்.

பொள்ளாச்சியில் இ.சி.ஜி. எடுத்த டாக்டர், இதயக் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்றார். அப்புச்சியின் எடையைக் கேட்டு, அதற்குத் தக்க அளவில் ஒரே ஊசி போட்டார். ஐந்து வினாடிதான். பிறகு ஆம்புலன்சில் கோயம்புத்தூர்.

சீட்டில் இருந்த 'டெனெக்டிபிளேஸ்' என்ற பெயரை நோட்டில் குறித்து வந்து, உயிரியல் சிஸ்டரிடம் காட்டினேன். "ஏஸ் என்று முடிந்தால் பெரும்பாலும் நொதி" என்று தொடங்கினார். தோழியரே, நமது இரத்தக் குழாய்களின் உட்சுவரே இத்தகைய நொதியைச் சுரக்கிறதாம்! இரத்தத்தில் சும்மா கிடக்கும் பிளாஸ்மினோஜனை அது பிளாஸ்மினாக மாற்றுகிறது. பிளாஸ்மின், கட்டியைப் பின்னி வைத்திருக்கும் ஃபைப்ரின் நாரை அறுத்துக் கரைக்கிறது. ஆனால் மருந்தாகப் பிரித்தெடுக்கும் அளவுக்கு அது உடம்பில் இல்லை. பெல்ஜியத்தில் லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் டெசிரே கொலன் குழுவினர், தோல் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து அதைப் பிரித்தெடுத்தனர். (புற்றுநோயிலிருந்து மருந்தா என்று அமுச்சி இன்றும் நம்பவில்லை.) 1980-இல் ஒரு மாநாட்டில் இதைக் கேட்டறிந்த டயான் பென்னிகா என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, சகாக்களுடன் அதன் மரபணுவைப் படியெடுத்து 1983-இல் வெளியிட்டார். அந்த மனித மரபணுவைச் சீன ஹாம்ஸ்டர் என்னும் எலியின் செல்களில் புகுத்தி, நொதியை ஏராளமாக உண்டாக்கினார்கள். 1987-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதையே மூன்று இடங்களில் திருத்தி அமைத்ததுதான் 2000-இல் வந்த டெனெக்டிபிளேஸ். இப்போது புனேயிலும் தயாராகிறது.

சிற்றூரில் முதலில் ஊசி, பிறகு பெரிய ஊரில் ஆஞ்சியோ என்ற முறையைத் தமிழ்நாட்டில் சோதித்து 2017-இல் வெளியிட்டவர்களில் கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் ஒருவர்.

புதிய கட்டி எளிதில் கரையும். நேரம் ஆக ஆக இறுகிவிடும். அதற்குள் இதயத் தசையும் சாகும். அப்புச்சி பிழைத்துவிட்டார். ஆனால் தோப்புக்குப் போவதில்லை. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

சோடாவைப் பற்றி அவரிடம் ஒருநாள் அழுதுகொண்டே சொன்னேன். "எனக்கே வாயுன்னுதான் கண்ணு இருந்துச்சு" என்றார். காலிப் புட்டி இன்னும் திண்ணை மூலையில்தான் இருக்கிறது.