செட்டிநாட்டு மனையில் இரண்டு நாட்கள்

சென்ற கோடை விடுமுறையில், காரைக்குடிக்கு அணித்தாயுள்ள ஒரு சிற்றூரில், பழைமை குன்றாது புதுக்கப்பெற்ற நகரத்தார் மாளிகையொன்றில் எம் குடும்பத்தார் ஐவரும் இரண்டு நாட்கள் வாடகை கொடுத்துத் தங்கினோம். வேறு விடுதிகள் பலவிருக்க அதனையே நாடியதற்குக் காரணம் உண்டு. யாம் அம்மாச்சி என்றழைக்கும் எம் அன்னையாரின் தாயார், தமது ஒன்பதாம் அகவை முதல் மணமாகுங்காறும் அம்மனையில் ஏவற்பணி புரிந்தவர். அவரை ஆங்கு விருந்தினராக அழைத்துச் செல்லவேண்டுமென்பது அன்னையாரின் நெடுநாள் அவா. "பணத்தைக் கொடுத்து அங்கே போய்ப் படுப்பானேன்?" என்று இரண்டு திங்கள் மறுத்த அம்மாச்சி, பின்னர் எம்பொருட்டு இசைந்தார்.

இம்மனைகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவன. திண்ணையும் முகப்பும் கடந்தால் வளவு. அஃதாவது நடுவே திறந்த முற்றமும், அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும், தாழ்வாரத்தையொட்டிய அறைகளும். அதற்கும் அப்பால் உணவுக்கட்டு, அடுக்களைக்கட்டு எனக் கட்டுக்கட்டாக நீண்டு செல்லும். முன்வாயிலில் நின்று நோக்கின் வாயிலுக்குள் வாயிலாகப் பின்தெருவின் வெளிச்சம் தோன்றும். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கினாலாகிய தூண்களைக் கண்டவுடன், நெடுநல்வாடையில் வரும் பாண்டியன் அரண்மனையை வகுப்பிற் பயின்ற செருக்கில் யாம் ஏதோ விரித்துரைக்கத் தொடங்கினோம். அம்மாச்சியோ கதவின் பித்தளைக் குமிழைத் தடவி, "புளி போட்டுத் துலக்கினால் இதைவிடப் பளிச்சென்று இருக்கும்" என்றார். எம் சொற்பொழிவு அத்துடன் நின்றது.

மனைக் காவலர் எதிர்வந்து, "வாங்க ஆச்சி!" என்று கைகூப்பினார். அம்மாச்சி திரும்பித் தம் பின்னே நோக்கினார், எந்த ஆச்சி வந்துவிட்டாரோ என்று.

அக்காவலர் மனையின் வரலாற்றை நன்கறிந்தவர். 1930களில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு, கடனுக்கு ஈடாக நகரத்தார் வசம் வந்திருந்தது. 1942இல் ஜப்பானியப் படை அந்நாட்டினுட் புக, பலர் அனைத்தையும் விட்டு மீண்டனர். ஊர்வீடுகளோ பங்காளிகள் பலருக்கும் பொதுவாகிப் பூட்டிக் கிடந்தன. பல வீடுகள் தூண் தூணாகவும் கதவு கதவாகவும் பெயர்க்கப்பட்டுப் பழம்பொருட் கடைகளுக்குப் போயின. இம்மனை தப்பியது. இடைக்காலத்தில் யாரோ பூசிய சிமெண்டினால் உள்ளேயே தங்கிய ஈரம் சுவரை அரித்தமையால், அதனைச் சுரண்டியெடுத்துப் பழைய முறைப்படி சுண்ணாம்பே பூசினராம். உடைந்த தளக்கற்களுக்கு ஈடாக ஆத்தங்குடிக் கற்களைப் பதித்துள்ளனர். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் குழம்பை ஊற்றி வார்த்து, சூளையிலிடாது நீரிலும் வெயிலிலும் பதப்படுத்துவது அத்தொழில். எம்போல்வார் தரும் வாடகையின்றி இத்துணையும் நிற்குமோ என்பது ஐயமே. ஆகலின் வாடகைக்கு விடுதலை யாம் பழியோம். ஆனால் அடுக்களைக்கட்டில் இருந்த ஆட்டுக்கல்லின் குழியில் நீர் நிரப்பி மலர் மிதக்க விட்டிருந்ததைக் கண்டு, அம்மாச்சி அன்று முதன்முறையாக வாய்விட்டு நகைத்தார்.

மணமான மைந்தர் ஒவ்வொருவர்க்கும் உரியவாயிருந்த வளவறைகள் இன்று குளிரூட்டப்பெற்றுள்ளன. "இந்த அறைக்குள் நான் கால் வைத்ததே இல்லை" என்று அம்மாச்சி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். முகப்பிலிருந்த ஊஞ்சலிலும் அமரவில்லை. அன்னையார் பொறுமையிழந்து, "வாடகை கொடுத்திருக்கிறோம், உட்காருங்கள் அம்மா!" என்றார்.

"கொடுத்தது நீதானே?" என்றார் அம்மாச்சி.

அன்னையார் முகம் வாடிற்று. அன்றிரவு எவரும் அறைக்குள் உறங்கவில்லை. அம்மாச்சி தாழ்வாரத்திற் பாய் விரிக்க, யாமும் அருகருகே விரித்தோம். முற்றத்து வானை நோக்கியவாறு அவர் பேசினார். நள்ளிரவில் மழை பெய்தால் அவரைத்தான் எழுப்புவராம். நான்கு மூலையிலும் கூரைநீர் கொட்டுமிடத்தில் அண்டாக்களை இழுத்து வைக்கவேண்டும். ஒருமுறை அவர் காய்ச்சலிற் கிடந்தபோது பெரிய ஆச்சி தம் கையாற் கஞ்சி கொடுத்தாராம். மற்றொருமுறை, காணாமற்போன வெள்ளிக் கிண்ணத்துக்காக இரண்டு நாள் அவரோடு எவரும் பேசவில்லையாம். கிண்ணம் பின்னர் நெற்குதிரின் அடியில் அகப்பட்டது. "அகப்பட்டதும் என்ன சொன்னார்கள்?" என்று அன்னையார் இருளிற் கேட்டார். "என்ன சொல்வார்கள்? வேலையைப் பார்க்கச் சொன்னார்கள்."

இரண்டாம் நாள் அவர் முற்றத்துப் படியில் அமர்ந்து காலைக் காப்பியருந்தினார். ஊஞ்சலை எவரும் பேசவில்லை. புறப்படும் வேளையில் பெட்டிகளை முன்வாயிலில் அடுக்கிவிட்டு நோக்கின் அம்மாச்சியைக் காணோம். வாயிலுக்குள் வாயிலாகத் தோன்றிய பின்தெரு வெளிச்சத்தில் அவர் நிழல் மட்டும் தெரிந்தது. அழைக்கலாமென யாம் வாயெடுத்தோம். அன்னையார் எம்மைக் கையமர்த்தி, காலணிகளைக் கையிலெடுத்துக்கொண்டு, கட்டுக் கட்டாகக் கடந்து அவர் பின்னே நடந்தார். யாம் பெட்டிகளை வண்டியிலேற்றி, தெருவைச் சுற்றிக்கொண்டு பின்வாயிலுக்கு வருமாறு ஓட்டுநரிடம் கூறினோம்.