தேற்றாங்கொட்டையும் ஆங்கிலக் கல்வியும்

எமது ஊர் தேற்றாத்தீவு. மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே, கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையோரம் அமைந்தது. தேற்றா மரங்கள் செறிந்திருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர் ஊர் முதியோர். அம்மரத்தின் விதையே தேற்றாங்கொட்டை. கலங்கல் நீர் ஊற்றும் பானையின் உட்புறத்தில் அதனைத் தேய்த்து வைத்தால், விதையிலுள்ள பொருள் மண் துகள்களை ஒன்றுசேர்த்து அடியிற் படியச் செய்யும், மேல்நீர் தெளியும். ஆனால், அதுவரை பானையை அசைக்காதிருத்தல் வேண்டும். தேய்த்த உடனேயே அள்ளிக் குடிக்க விரைவோனுக்குக் கிட்டுவது சேற்று நீரே. ஆங்கிலக் கல்வி பற்றிப் பெற்றோர் எம்மிடம் வினவும்போதெல்லாம் இவ்விதையே எமது நினைவுக்கு வருகின்றது.

உயர்தரப் பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் எம் ஊர்ப் பிள்ளைகள் இரு கூறாக்கப்படுகின்றனர். பல்கலைக்கழகம் புகத் தகுதி பெற்றோருள்ளும் பெரும்பாலார்க்கு இடம் கிடைப்பதில்லை. “என்ன மனே, கம்பஸ் கிடைக்கல்லியாம்?” என்று சந்தியிலே நின்று கேட்போருக்குக் குறைவில்லை. அவ்வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவராய் நாமும் ஒருகால் இருந்தோம். அது போர்க்காலம். சோதனைச் சாவடிதோறும் இறங்கி நடந்து, மீண்டும் பேருந்தில் ஏறிச் சென்று, ஆங்கிலம் பயிலும்பொருட்டு ஒரு சிறு கல்லூரியிற் சேர்ந்தோம். வயலை நம்பி வாழ்ந்த எம் தந்தையார் பேருந்துக் கட்டணத்திற்கென ஒவ்வொரு போகத்திலும் சிறிது நெல்லை ஒதுக்கி விற்றார். அயலாரோ, ‘கம்பஸ் இல்லாதவர் போகுமிடம்’ என்றே அக்கல்லூரியைக் குறிப்பிட்டனர்.

அங்கு நாம் பெற்றது யாது? பள்ளியிற் பல்லாண்டு ஆங்கிலம் படித்தும் ஒரு வாக்கியத்தைத் துணிந்து பேச இயலாதோராய் அக்கல்லூரிக்குள் நுழைந்தோம். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியிலே வந்து நிற்கும். ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்தே வந்துவிடும். எனவே தமிழில் எண்ணி ஆங்கிலத்திற் சொல்ல முனைவோன் நடுவழியிலே தடுமாறுகின்றான். பெயருக்கு முன் நிற்கும் ‘எ’, ‘த’ என்னும் சிறு சொற்களும் எமக்குப் புதியவை. நமக்குக் கிணறு என்றாற் கிணறுதான். ஆங்கிலத்திலோ, அது ஏதோ ஒரு கிணறா, பேசுவோனும் கேட்போனும் முன்னரே அறிந்த கிணறா என்பதை வாய் திறக்கும்போதே தெரிவித்தல் வேண்டும். இதனைச் சூத்திரமாக மனனஞ் செய்வதாற் பயன் சிறிதே. நூறு பக்கம் வாசித்து, நூறு முறை பிழையாகப் பேசித் திருத்தம் பெற்ற பின்னரே செவி தானாக வழிகாட்டும். பல்கலைக்கழகத்துப் பெருமண்டபத்தில் இதற்கு அவகாசம் ஏது? இருபது முப்பது பேர் அமர்ந்திருந்த சிறு வகுப்பறையே எமக்கு அசையாத பானையாய் அமைந்தது.

இத்தகைய கல்லூரிகளின் தேவையை நாட்டு வரலாறும் உணர்த்துகின்றது. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிவழிக் கல்வியும் படிப்படியாக வளர்ந்து, 1960இற் பல்கலைக்கழகக் கலைப்பிரிவையும் எட்டியது. இவ்விரு வரங்களும் இல்லையேல் எம்போன்ற கமக்காரர் பிள்ளைகள் கல்வியின் வாயிலையே கண்டிருக்கமாட்டார்கள். ஆயினும், அதே காலத்தில் ஆங்கிலம் நகரத்துச் சில வீடுகளின் உடைமையாய்ச் சுருங்கிற்று. அதனைக் கிராமத்துப் பிள்ளைக்கு மீட்டுத் தரும் பணியை இன்று ஆற்றுவன பெரும்பாலும் இடைநிலைக் கல்லூரிகளே. எமது ஊரிலிருந்து வடக்கே சென்றால் தாழங்குடாவிலே தேசிய கல்வியியற் கல்லூரி. அடுத்து ஆரையம்பதிப் பகுதியின் கோவில்குளத்தில், ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா கற்பிக்கும் உயர் தொழினுட்பவியல் நிறுவனம். மட்டக்களப்பு நகரையும் கடந்து சென்றால் வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகம்.

படிப்படியாக ஏறுதல் இழிவென்று கருதுவோர், எமது ஊருக்குத் தெற்கே காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனனாரை நினைவு கூர்தல் நன்று. அவர் 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். கொழும்பு ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றார். 1916இற் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். அவரே பின்னாளில் சுவாமி விபுலாநந்தராய், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். அவர் ஏறிய படிகளுள் எதனைச் சிறிதென்று நாம் சொல்வோம்?

மனிதரேயன்றி, பல்கலைக்கழகங்களும் அவ்வாறே வளர்ந்தன. கொழும்பில் 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, தன் மாணவரை இலண்டன் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்து வந்து, 1942இலேயே இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. வந்தாறுமூலையில் 1981இல் ஆரம்பமான மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

எனினும், ஒரு படிக்கும் மறுபடிக்கும் இடையிலே பள்ளம் இருத்தலாகாது. எம்மோடு பயின்றவர்களுள் படுவான்கரையிலிருந்து வாவி கடந்து வரும் மாணவி ஒருத்தி இருந்தாள். வகுப்பில் எம் எல்லாரினும் அவளே சிறந்தவள். டிப்ளோமா பெற்றபின் நாங்கள் இருவரும் ஒரு பல்கலைக்கழகத்தை அணுகினோம். கல்லூரியில் நாம் கற்ற பாடங்களுள் ஒன்றையேனும் அவர்கள் கணக்கிற் கொள்ளவில்லை; முதலாண்டிலிருந்தே தொடங்குக என்றனர். எம் தந்தையார் பொறுத்திருந்தார், நாம் தொடங்கினோம். இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க அவள் வீட்டாருக்கு இயலவில்லை. அவளுடைய படிப்பு அத்துடன் நின்றது. எமக்கும் அவளுக்கும் இடையே அறிவில் வேறுபாடு இருந்திருப்பின், அது அவள் பக்கமே உயர்வாயிருந்தது.

அமெரிக்காவில், சிக்காகோ நகருக்கு அருகேயுள்ள ஜோலியெட் என்னும் ஊரில் 1901ஆம் ஆண்டு ஆறு மாணவரோடு ஓர் இளநிலைக் கல்லூரி தொடங்கிற்று. இன்று சமூகக் கல்லூரி என வழங்கும் நிலையங்களுக்கு முன்னோடி அதுவே. கலிபோர்ணியா மாநிலம் 1960இல் வகுத்த உயர்கல்வித் திட்டமோ, அத்தகைய கல்லூரியில் ஈராண்டு பயின்றவர் பல்கலைக்கழகத்தின் மேல்வகுப்பிற் சேர்வதற்கு வழி அமைத்தது. எமது நாட்டிலும் 2012ஆம் ஆண்டின் தகைமைச் சட்டகத்தில் உயர் டிப்ளோமா நான்காம் படி. பொதுப் பட்டம் ஐந்தாம் படி. ஏட்டில் ஏணி இருக்கின்றது. நான்கிலிருந்து ஐந்துக்குப் பிள்ளை உண்மையிற் கால் வைக்க இயலுமா என்பதே வினா. கற்ற பாடத்தைக் கற்றதாக ஏற்றுக்கொள்ளும் ஒழுங்கு எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் வேரூன்றுமாயின், எம் தோழியைப் போன்றோர் கரையிலே நின்றுவிட மாட்டார்கள்.

அதுவரை மாணவர்கட்கு யாம் கூறுவது இதுவே: கல்லூரியிற் சேருமுன்னரே, அதன் பாடங்களை எப்பல்கலைக்கழகம் எவ்வளவு ஏற்கும் என விசாரித்து, விடையை எழுத்திற் பெறுங்கள். பாடத்திட்டத்தையும் பெறுபேற்றுச் சான்றிதழ்களையும் பேணிக் காத்திடுங்கள். சான்றிதழுக்காக மட்டும் படியாது, நாள்தோறும் பத்துப் பக்கமேனும் ஆங்கிலம் வாசியுங்கள். ஆசிரியப் பதவி கிடைத்துவிட்டதென்று படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

பெற்றோர்கட்கும் ஒரு வேண்டுகோள். சிறு கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையிடம், கம்பஸ் கிடைக்காத கதையை நாளும் எடுத்துரைத்து மனத்தைக் கலக்காதீர்கள். பெண்பிள்ளையாயின், டிப்ளோமா கைக்கு வந்த மறுநாளே அவள் படிப்பு முடிந்தது என்று தீர்ப்பளிக்காதீர்கள். மேலும் சில ஆண்டுகள் அவளுக்குத் தாருங்கள். அவளுக்கு அது போதும்.